இரண்டு இன்ஜின் மூடிகள்

பக்கவாதம் வந்து மெக்கானிக்கின் பேச்செல்லாம் போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி.

"முப்பது வருஷமா நான் சொன்ன எதுக்கும் சரின்னு சொல்லாத மனுஷன்" என்று சொல்லிச் சிரிப்பாள் அவர் மனைவி. தையல்காரி; கை ஓடும்போது வாயும் ஓடும்.

நோய் வருவதற்கு முந்தின வாரம்தான் தன் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் மூடிகள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தார். அலுமினியத்தின் மேல் யாரோ அடித்த கறுப்பு பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், இடது கையால் அவற்றையே காட்டிக்கொண்டிருந்தார்.

"பெயின்ட்டை எடுக்கணுமா?"

"சரி."

அவள் வாளியில் வெந்நீர் எடுத்து ஒரு மூடியை அதில் வைத்தாள். சாக்கடை அடைப்பு எடுக்கும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். "இதுக்கு எந்தக் கறையும் நிக்காது. போடவா?"

"சரி."

கொட்டியதும் நீர் பொங்கி நுரைத்தது. அவர் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி "சரி, சரி, சரி" என்றார்.

"இருங்க. கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு அவசரப்படல."

கால் மணி நேரம் கழித்துக் குச்சியால் தூக்கிப் பார்த்தாள். பெயின்ட் போயிருந்தது. உலோகமும் கறுத்து, குழி குழியாக அரித்து, ஓரம் திருகுத் துளையோடு சேர்ந்து கரைந்திருந்தது. திரும்பினால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

பெயின்ட் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அலுமினியத்தை அது தின்னுடுமேக்கா. அண்ணனுக்குத் தெரியாததா?" என்றார்.

"தெரியும்" என்றாள். பெயின்ட் நீக்கும் பசை டப்பாவோடு தெருவில் இறங்கினாள். இந்த எட்டு மாதத்தில் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்பை வேறு ஆளுக்கு விட்டுடலாமா? சரி. உங்க தம்பி பார்க்க வர்றேங்கிறார், இந்த நிலைமையில வேண்டாம்னு சொல்லிடவா? சரி. அந்தத் தம்பி போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அதைச் சொன்னபோதும் சரி என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "இனிமே உங்க வாயைக் கேக்க மாட்டேன், கையைத்தான் கேப்பேன். ஆமான்னா விரிங்க, இல்லேன்னா மூடுங்க. புரியுதா?"

இடது கை விரிந்தது.

கையுறை போட்டு, இரண்டாவது மூடியில் பிரஷ்ஷால் பசையைத் தடவினாள். பெயின்ட் சுருங்கிக் கொப்புளித்தது.

"சுரண்டலாமா?" கை மூடியது. காத்திருந்தாள். "இப்ப?" விரிந்தது. மரத்துண்டால் வழித்ததும் கறுப்பு தோலாக உரிந்துவந்து, அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. கழுவித் துடைத்து அவர் மடியில் வைத்தாள். அவர் விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "உங்க தம்பி வர்றேன்னப்ப... வரட்டும்னுதானே சொன்னீங்க?"

கை விரிந்தது. விரிந்தபடியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்து அவரைத் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தம்பியின் படத்தை அவர் மனைவி சுவரிலிருந்து எடுத்து இவர் கையில் கொடுத்தாள். சாயங்காலம் தையல்காரி "கிளம்பலாமா?" என்று கேட்டபோது, அவர் இடது கை படத்தின் ஓரத்தைப் பற்றி மூடிக்கொண்டது. தம்பி மனைவி மூன்றாவது முறையாக டீ போட எழுந்தாள்.