வாத்தின் கால் எலும்பு

என் தம்பி கடப்பாரையோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, நான் ஒரு வாத்தின் கால் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

அவன் வீடு கட்டி விற்க வாங்கிய நிலத்தில், பழங்காலத்துக் குப்பைக்குழியில் கிடைத்த எலும்பு அது. வாத்து அங்கேயே முட்டையிட்டிருந்தால் அந்தக் காலத்தில் மழை அதிகம், கோடையிலும் வற்றாத ஏரி இருந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி மழை கூடினால் தண்ணீர் பழைய இடத்துக்கே வரும். வீடு கட்ட அனுமதி கிடைக்காது. குளிருக்கு வந்துபோன வாத்து என்றால் தம்பி பிழைத்தான். முட்டையிடும் பெட்டையின் கால் எலும்புக்குள் முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு சேர்ந்திருக்கும். அதைப் பார்க்க எலும்பை உடைக்க வேண்டும். முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான், உடைத்தால் தொலைத்துவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அதனால் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதிக் கொடுக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படி எழுதினால் அவன் அனுமதி நிற்காது.

அதைச் சொல்ல அவன் விட்டால்தானே. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கை முந்தும், காது பிந்தும். முதல் அடியில் கண்ணாடி அலமாரி சரிந்தது. தடுக்கப் போன என் இடது மணிக்கட்டில் விழுந்தது அடுத்த அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். என் பிழைப்பே அதுதான். கீழே விழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். வலியைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"கூடப் பிறந்தவன் குடியைக் கெடுக்கத்தான் இவ்வளவு படிச்சியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே, தரையில் உருண்ட வாத்தெலும்பைக் கடப்பாரை நுனியால் குத்தினான். அது பிளந்தது.

வெறும் குழாயாக இருக்க வேண்டிய உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு. முட்டையிட்ட பெட்டை. அந்த வலியிலும் பாழாய்ப்போன சந்தோஷம் ஒன்று வந்து தொலைத்தது.

"உனக்குச் சாதகமாத்தான்டா எழுதப் போனேன்," என்றேன். "இப்ப நீயே உடைச்சுக் காட்டிட்டே."

அவன் முகம் வெளுத்தது. கடப்பாரையை வீசிவிட்டுத் துண்டுகளுக்குக் கை நீட்டினான். நான் முந்திக்கொண்டு வலது கையால் அள்ளி மூடிக்கொண்டேன்.

"கையைத் திற அக்கா."

மாட்டேன் என்றேன். பூட்ஸ் காலோடு என் முஷ்டிமேல் ஏறி நின்றான். நொறுங்கியது வாத்தா, என் விரலா தெரியவில்லை. பொடியானாலும் சோதித்துச் சொல்ல எனக்குப் போதும். நான் திறக்கவில்லை.