அவசரமில்லை என்று பதிவான வீடு

வலது தோள் காலையிலிருந்தே கழன்று விழுவதுபோல் வலித்தது. ராஸ் டன்பி தண்ணீர் லாரியை இடது கையால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். கனத்த ரப்பர் குழாயை ஒரே நாளில் ஏழெட்டு வீடுகளில் இழுத்தால் எந்தத் தோளும் தாங்காது. யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அந்த மேட்டுப் பூமியில் எல்லாரும் அப்படித்தான்.

குளிர்காலம் முடிந்ததிலிருந்து மழை இல்லை. கூரைத் தண்ணீரை நம்பியிருந்த வீடுகளில் தொட்டிகள் வற்ற வற்ற, எல்லாரும் ராஸைக் கூப்பிட்டார்கள். முன்பு அவன் மனைவி மெரில் போனை எடுப்பாள். அவள் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனபின் கம்ப்யூட்டர் குரல் ஒன்று எடுக்கிறது. அதற்கு டெஸ் என்று பெயர். தொட்டி எவ்வளவு பெரியது, நாய் கடிக்குமா, அவசரமா என்று எல்லாம் கேட்டு, நாள் குறித்து, மெசேஜும் அனுப்பிவிடும். ஒரே நேரத்தை இரண்டு வீட்டுக்குக் கொடுத்ததே இல்லை.

“உன்னைவிட நல்லா பேசுறா. வையுறதும் இல்ல” என்று மெரிலைச் சீண்டுவான்.

“அப்ப சோறும் அவளையே ஆக்கச் சொல்லு” என்பாள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஃபெலிசிட்டியின் விருந்தினர் விடுதியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் அங்கே ஒரு கல்யாணம். பம்பு ஓடும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

“டெஸ், புதுசா யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“நெவில் கார்மோடி, வாட்டில் கிரீக் ரோடு. திங்கட்கிழமை குறிச்சிருக்கேன். அவசரமான்னு கேட்டேன். ‘இல்லம்மா, மத்தவங்களை முதல்ல பாரு’ன்னார். வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னும் கேட்டேன். ‘சமாளிச்சுக்கிறோம்’னார்.”

நெவிலின் மனைவி ஐரீனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் வீட்டிலேயே டயாலிசிஸ். அந்த மெஷின் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். நெவிலோ, டிராக்டருக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தபோதுகூட, வேலியோரம் போன தபால்காரரிடம் ‘நேரமிருந்தா ஒரு கை கொடுப்பா’ என்று கேட்ட ஆள். அவர் போன் செய்கிறார் என்றாலே தொட்டி காலி என்று அர்த்தம்.

“நெவில் வீட்டுக்குப் போடு.”

மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ராஸ் இறங்கிப் பம்பை நிறுத்தினான். சத்தம் நின்றதும் ஃபெலிசிட்டி ஓடிவந்தாள்.

“பாதிதானே ஏறியிருக்கு?”

“மீதியை வேற வீட்டுக்குக் கொண்டுபோகணும். அங்க ஒரு அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.”

“நாளைக்கு அறுபது பேர் வராங்க மிஸ்டர் டன்பி! உறுதின்னு உங்க டெஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா, பாருங்க.”

“தெரியும்.”

“அவங்களும் என்னை மாதிரி அவசரம்னு சொல்லியிருக்கலாமே?”

அவள் கேட்டது நியாயம்தான். அவன் குழாயைச் சுற்றினான். தோள் சுரீரென்றது.

“மீதி எப்ப வரும்?”

“டவுன்ல தண்ணி பிடிக்கிற இடத்தை அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. இன்னைக்கு முடியாது. கொடுத்துருவேன்.”

“எப்பன்னு கேட்டேன்.”

அவன் வண்டியைக் கிளப்பினான்.

சரளைப் பாதையில் லாரி குதித்தது. பாதித் தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி வண்டியையே இழுத்தது. டெஸ் மறுபடி மறுபடி போட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று நினைத்தான். ஒன்றுமில்லாமல் இருந்தால் அவர்களுக்கு வீண் அலைச்சலாகிவிடுமே என்று விட்டான். அடுத்த திருப்பத்தில் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி டெஸ்ஸிடம் சொன்னான்.

நெவில் தன் வீட்டுத் தொட்டியின் அடியில், மிச்சச் சொட்டுகளைப் பிடிக்க வாளியோடு மண்டியிட்டிருந்தார்.

“என்னப்பா, திங்கட்கிழமைன்னுதானே அந்தப் பொண்ணு சொல்லுச்சு?”

“ஐரீன் எங்க?”

“நாற்காலியில. படுத்தா கொஞ்சம் மூச்சு வாங்குது.”

“மெஷின் கடைசியா எப்பப் போட்ட?”

“செவ்வாய்க்கிழமை.”

“யோவ், உனக்கு அறிவிருக்கா? அவசரம்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?”

“ஊரே காஞ்சு கெடக்கு. என் பொண்டாட்டிக்கு மட்டும் முதல்லன்னு எப்படிடா கேக்குறது?”

ஜன்னலுக்குள்ளிருந்து ஐரீனின் குரல் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு அறுந்தது.

“சண்டை… போட்டு முடிச்சதும்… தண்ணியை… விடுங்கப்பா.”

ராஸ் குழாயை ஓடியே இழுத்தான். உள்ளே நெவில் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனில் பேசினார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் மெஷினைப் போடுங்கள் என்றாள் நர்ஸ். தொட்டி கொஞ்சம் நிறையும்வரை தண்ணீர் அழுத்தம் போதாமல் மெஷின் கத்தியது. நெவில் குழாய்களைக் கழுவி, சோதித்து, ஊசி ஏற்றி முடிப்பதற்குள் ஐரீனின் உதடுகள் நீலம் பாய்ந்துவிட்டன. ராஸ் அவளுடைய வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். செய்வதற்கு அவனுக்கு வேறு வேலை இல்லை.

ஆம்புலன்ஸ்காரர் வந்து ஆக்ஸிஜன் வைத்தார். மெஷின் தன்பாட்டுக்கு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஐரீனின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டினார். ஐரீன் டீ கேட்டாள். டம்ளரில் கால்வாசிதான் கொடுக்கலாம் என்றார் அவர்.

நெவில் வெளியே வந்து லாரியில் சாய்ந்தார்.

“இது யார் முறைத் தண்ணி?”

“விடு நெவில்.”

“சொல்லுடா.”

“ஃபெலிசிட்டியோடது. நாளைக்குக் கல்யாணம் அங்க.”

நெவில் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

வண்டிக்குள் டெஸ் பேசியது.

“ராஸ், ஃபெலிசிட்டி கூப்பிட்டாங்க. காலைல எட்டு மணிக்குள்ள மீதி வேணுமாம். சனிக்கிழமை தண்ணி பிடிக்கிற இடம் ஒன்பதுக்குத்தான் திறக்கும். அதனால நான் நேரம் கொடுக்கல. என்ன சொல்லட்டும்?”

ராஸ் நெவிலைப் பார்த்தான். ஏறிய தண்ணீரைத் திருப்பி எடுக்க முடியாது.

“கடன்னு சொல்லு” என்றான். “ஒன்பதுக்குத் திறந்ததும் முதல் நடை அவளுக்குத்தான். அதுவரைக்கும் அரை லாரித் தண்ணி, அவளுக்கு நான் கடன்பட்டிருக்கேன்.”