மூன்றாம் அட்டவணையில் ஐந்தரை

குட்டி போட்ட பூனை மாதிரி என்று சொல்வார்களே, அன்றைக்கு அவள் அப்படித்தான் இருந்தாள். நாற்காலியில் உட்காருவாள், திரையைப் பார்ப்பாள், எழுந்து ஜன்னல் வரைக்கும் போவாள், அங்கே தனக்கு என்ன வேலை என்று தெரியாமல் திரும்பி வருவாள்.

மாலை நாலு மணிக்குள் கட்டுரை ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. மூன்றாவது தடவை கேட்டதற்குப் பதிப்பாசிரியை ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணி, தவறினால் அந்த இடம் வேறு குழுவுக்கு.

இயற்பியல் கட்டுரைதான். ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்கிற கட்டுரை இல்லை. ஒரு விஷயத்தைப் பற்றி இருபது வருடமாக உலகத்தில் யார் யார் என்னென்ன அளந்தார்கள், அதில் எது நெல், எது பதர் என்று புடைத்துச் சொல்கிற கட்டுரை. ரிவ்யூ என்பார்கள். கடுங்குளிரில் மெல்லிய கண்ணாடிப் படலம் வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது என்பதுதான் விஷயம். இருநூற்றுப் பதினாலு கட்டுரைகளைப் படித்து, எண்களைப் பொறுக்கி, ஐந்து அட்டவணைகளாக அடுக்கியது அவள். அதனால் அவள் வேலைபார்க்கிற பல்கலைக்கழகக் கட்டடத்தில் அவளுக்கு 'அட்டவணை' என்றே பெயர். பெயர் வைத்தவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்து, இப்போது கூடச் சேர்ந்து எழுதுகிறவன். அவன் கோட்பாட்டு ஆள். மணி என்ன என்று கேட்டாலும் பலகையில் நாலு வரி எழுதிவிட்டுத்தான் பதில் சொல்வான். அவனுக்கு அவள் வைத்த பெயர் 'சூத்திரம்'.

எல்லாம் முடிந்து ஆறாம் படம் ஒன்றுதான் பாக்கி. அது ரொம்பப் பழைய கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்த வரைபடம். அவளிடம் இருந்தது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், மங்கிப் போயிருந்தது. ஆய்விதழ்க்காரர்கள் தெளிவான படம் கேட்டதால், நூலகத்தில் சொல்லி மூலத்தையே ஸ்கேன் செய்து வாங்கியிருந்தாள். காலை பத்து மணிக்கு அது வந்தது. திறந்து பார்த்தாள். பார்த்தவள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

பெரிதாக ஒன்றுமில்லை, நிமிர்ந்து நிற்கிற கோட்டில் கீழே ஒன்று, மேலே பத்து என்று போட்டிருக்கும். ஜெராக்ஸில் இடையில் வேறெதுவும் தெரியாது. இந்தத் தெளிவான படத்தில் இடையே சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. கீழே அகலம் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே போயின. அப்படி நெருங்கினால் அது சாதாரண அளவு இல்லை, லாக் அளவு, அதாவது கூட்டலில் இல்லாமல் பெருக்கலில் ஏறுகிற அளவு. சாதாரண அளவில் ஒன்றுக்கும் பத்துக்கும் நட்டநடுவே இருக்கிற புள்ளி ஐந்தரை. லாக் அளவில் அதே நடுப்புள்ளி மூன்றும் சொச்சமும்தான்.

நட்டநடுவில், ஒரு படலம் எவ்வளவு வெப்பம் கடத்துகிறது என்று காட்டுகிற புள்ளி ஒன்று இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால், மாணவியாக இருந்தபோது, பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அந்தப் புள்ளியை அளந்து, ஐந்தரை என்று தன் முதல் கட்டுரையில் எழுதியவள் அவளேதான்.

ஸ்கேலை எடுத்து மறுபடி அளந்தாள். கணினியில் போட்டு அளந்தாள். காப்பி குடித்த தம்ளரைக் கழுவிவிட்டு வந்து அளந்தாள். எப்படி அளந்தாலும் மூன்று புள்ளி இரண்டு. கழுவின தம்ளரையே இன்னொரு தரம் கழுவினாள்.

யாரும் கண்டுகொள்ளாத எண்ணாக இருந்திருந்தால் திருத்திவிட்டுப் போயிருப்பாள். அந்த ஐந்தரையைப் பதினோரு கட்டுரைகள் எடுத்து ஆண்டன. மூலத்தை யாரும் தேடிப் போகவில்லை. அவளைப் பார்த்து ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர். மற்றப் படலமெல்லாம் மூன்றில் நிற்க, இது மட்டும் ஏன் ஐந்தரை என்று ஒரு புதிரே கிளம்பிவிட்டது. அந்தப் புதிரை விடுவிக்கப் பன்னிரண்டு வருடம் உழைத்தவன் சூத்திரம். கட்டுரையின் நாலாம் பகுதி, ஒன்பது பக்கம், அவனுடைய அந்த விடைதான். புதிரே இல்லையென்றால் விடைக்கு என்ன வேலை?

சொன்னால் சிநேகிதனின் பன்னிரண்டு வருடம் போகும். சொல்லாமல் விட்டால் பொய் என்று தெரிந்தே தன் கையால் அனுப்ப வேண்டும். மணி பதினொன்றரை. அவன் வகுப்பு முடிந்து வர ஒரு மணிக்கு மேலாகும்.

அறையில் இருக்கப் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெரு தாண்டினால் வீடு. வாசல்பக்கம் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடை, பின்னால் இவர்கள் குடியிருப்பு. அவர் ஒரு கண்ணாடியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து இரண்டு தட்டில் சாப்பாடு போட்டார். அவள் தட்டைத் தொடவில்லை.

"என்ன, சாப்பாட்டையும் அளந்துதான் சாப்பிடுவியா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் ஒருத்தருக்கு பவர் மாத்திப் போட்டுக் குடுத்தா, மறுநாளே வந்து சட்டையப் புடிப்பாங்க. உங்க ஆளுங்க பதினஞ்சு வருஷமா ஒருத்தர்கூட வரலியா?"

"எப்படிங்க வருவாங்க? எல்லாருமே நான் குடுத்த கண்ணாடியத்தானே போட்டுட்டுப் பாக்குறாங்க."

"அது சரி. அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்போ இங்க என்ன பண்றே? என்கிட்ட சொல்றது ஒத்திகையா?"

சுருக்கென்றது. வந்த வழியே திரும்பினாள்.

சூத்திரம் அவளுக்கு முன்னாலேயே வந்து அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்ன தாயே, அனுப்பியாச்சா? இல்ல, இன்னும் ஒவ்வொரு கமாவுக்கும் பேன் பாத்துட்டு இருக்கியா?"

அவள் அச்செடுத்த வரைபடத்தையும் ஸ்கேலையும் அவன் முன்னால் வைத்தாள். "இந்தப் புள்ளிய அளந்து சொல்லு."

"பரீட்சையா?" சிரித்துக்கொண்டே குனிந்தான். அளந்தான். சின்னக் கோடுகளை எண்ணினான். சிரிப்பு மெல்ல வடிந்தது. "மூணு சொச்சம் வருது. அஞ்சரைன்னு எழுதினது எந்த மகராசன்?"

"நான்தான்."

அவன் ஸ்கேலைக் கீழே வைத்தான்.

"நாலாம் பகுதி?" என்றான்.

"ம்."

"ஒன்பது பக்கம்."

"ம்."

"பன்னெண்டு வருஷம், அட்டவணை! எம்பொண்ணு பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து போட்ட கணக்கு இருக்கு அதுல."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? ஸ்கேல் புடிக்கத் தெரியல!"

அவள் வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்குத் தான் உரியவள்தான் என்று அவளுக்கே தெரியும். அவன் எழுந்து இரண்டு நடை நடந்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு வந்தான்.

"சரி, கேளு. மூணாம் அட்டவணையில அந்த வரிசையவே தூக்கிடு. நாப்பத்திரண்டுல ஒண்ணு கொறஞ்சா குடி முழுகிடாது. நாலாம் பகுதிய நானும் சத்தமில்லாம எடுத்துடறேன். உன் பேரும் கெடாது, என் மானமும் போகாது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

ஒரு நிமிடம் அது அவளுக்கு வெல்லம் மாதிரி இனித்தது. பொய்யும் சொல்லவேண்டியதில்லை, தலையும் குனியவேண்டியதில்லை. 'சரி' என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள். வந்தது வேறு.

"போன மாசம் ஒரு பொண்ணு எனக்குக் கடிதம் போட்டிருந்தா. நேர்ல பாத்ததுகூடக் கிடையாது. அந்த அஞ்சரை ஏன்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சியில சேரப் போறாளாம். நாம பேசாம இருந்தா அவளுக்கும் ஒரு பன்னெண்டு வருஷம் போகும்."

அவன் அவளையே பார்த்தான். வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மணி இரண்டு பத்து. கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கீழ்மாடியில் அவன் அறைக்குப் போனாள், உள்ளே தாழ்ப்பாள். திரும்பி வந்து தன் பங்கு வேலையைச் செய்தாள். மூன்றாம் அட்டவணையில் ஐந்தரையை அடித்து மூன்று புள்ளி இரண்டு போட்டாள். கீழே ஒரு குறிப்பு: 'இக்கட்டுரையின் முதல் ஆசிரியர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லாக் அளவைச் சாதாரண அளவாகப் படித்துத் தவறான மதிப்பை வெளியிட்டார்.' எழுதும்போது காது மடல் சூடாயிற்று. எழுதி முடித்தபிறகும் ஆறவில்லை.

ஆனால் நாலாம் பகுதியில் அவளால் கைவைக்க முடியாது. அது அவன் எழுத்து. அவன் செய்யாவிட்டால் கட்டுரை போகாது. போகாவிட்டால் நாலு மணிக்கு இடமும் போய்விடும்.

கட்டுரை இருவரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதுகிற கோப்பில் இருந்தது. மூன்று மணி வாக்கில் நாலாம் பகுதி அவள் கண்ணெதிரே குறையத் தொடங்கியது. அவன்தான், கீழே இருந்து. ஒன்பது பக்கம் எட்டாயிற்று, ஆறாயிற்று, நாலாயிற்று. கோபத்தில் எல்லாவற்றையும் கொளுத்துகிறானா, பார்த்துப் பார்த்துக் களை எடுக்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. நின்றபடியே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றரைப் பக்கத்தில் குறைவது நின்றது. படித்தாள். அந்த ஐந்தரை இல்லாவிட்டாலும் தன் காலில் நிற்கிற பகுதியை மட்டும் வைத்திருந்தான். சுத்தமாக இருந்தது.

போன் அடித்தது.

"உன் குறிப்புக்குக் கீழ ஒரு வரி சேத்திருக்கேன், பாரு."

பார்த்தாள். 'இரண்டாம் ஆசிரியர் மூல வரைபடத்தைப் பாராமலேயே பன்னிரண்டு ஆண்டுகள் இம்மதிப்புக்கு விளக்கம் தேடினார்.'

"இது எதுக்குடா?" என்றாள். படிக்கிற காலத்துக்குப் பிறகு அவனை அவள் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"நீ மட்டும் நல்ல பேர் வாங்கிக்கலாம்னு பாக்குறியா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மூன்று நாற்பத்தைந்துக்கு அனுப்பினாள். 'இணை ஆசிரியரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. அவன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். மூன்று ஐம்பது. ஐம்பத்து மூன்று. ஒப்புதல் வரவில்லை. மனசு மாறிவிட்டானோ? கோப்பைத் திறந்து பார்த்தாள். அவனுடைய கர்சர் மூன்றாம் அட்டவணையில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வரிசையாக, எறும்பு சர்க்கரையைச் சுற்றி வருகிற மாதிரி. அவள் எழுதிக் கொடுத்த எதையும் இத்தனை வருடத்தில் அவன் சரிபார்த்ததில்லை. பார்க்கத் தேவை இருந்ததில்லை. இப்போது பார்க்கிறான். அது அவளைக் குத்தியது. குத்தினாலும் அது நியாயம் என்றும் பட்டது.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஒப்புதல் வந்தது. கட்டுரைக்கு ஒரு எண் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று ஆய்விதழிலிருந்து அஞ்சல் வந்தது. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அடுத்த நிமிடம் அவனிடமிருந்து செய்தி: "மத்த நாப்பத்தோரு வரிசையும் மூலத்தைப் பாத்துத்தானே எழுதினே?"

'ஆமாம்' என்று அடித்தாள். அழித்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு மறுபடி அடித்தாள்: "முப்பத்தெட்டு பாத்தேன். மூணு கெடைக்கல. வேற ஒருத்தர் தொகுத்ததிலேருந்து எடுத்தேன்."

அனுப்பினாள். அவன் பதில் வந்தது.

"திங்கக்கிழமை காலைல நூலகம் தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நில்லு. நானும் வரேன். ஸ்கேல் நான் புடிச்சுக்கறேன்."