பூங்கொடி மேடம் வேலை கேட்டுப் போனது

பூங்கொடிக்கு அந்த வேலை கிடைத்த புதிதில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் பெரியம்மா ஒருத்தி பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "எந்தக் கம்பெனில அம்மணி சூப்பர்வைசரு? எத்தன லைன் பாக்கற?"

திருப்பூரில் சூப்பர்வைசர் என்றால் தையல் மிஷின் வரிசைக்குப் பின்னால் நின்று கத்துகிறவர், அவ்வளவுதான். தான் இருப்பது பனியன் கம்பெனி இல்லை, பொங்கலூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் மனநல இல்லம் என்று பூங்கொடி விளக்கினாள். மனநோயின் பிடியில் குற்றம் செய்துவிட்டு, நீதிமன்ற உத்தரவின்பேரில் அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குச் சமையல், துவையல், தையல், பஸ் ஏறுவது என்று வாழ்க்கையை மறுபடி பழக்குகிறார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். அந்தச் சிகிச்சையாளர்களுக்குத்தான் தான் சூப்பர்வைசர். பெரியம்மா தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, "ஏதோ, பக்கத்துலயே வேல கெடச்சுதே" என்றாள்.

அந்த இலை நகர்ந்த தூரத்தைப் பூங்கொடி பல கூட்டங்களில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அறியாத ஜனங்கள், என்ன செய்வது என்கிற மாதிரி அவளும் சிரிப்பாள். ஊரில் பயமில்லாத ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. முதலாளிகள் கூட்டம் ஒன்றில் திரையில் படம் போட்டு, 'மறுவாய்ப்பு' என்று தலைப்புக் கொடுத்து, முக்கால் மணி நேரம் பேசினாள். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அதை வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருந்தாள், அடிக்கடி எடுத்துப் பார்க்கிறதில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

காசிமாயன் அவளுடைய இல்லத்தில் இருந்தவன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன். ஒரு வருஷம் நோய் முற்றி, தன் மனதில் ஓடுவதையெல்லாம் லைன் சூப்பர்வைசர் மைக்கில் வாசிக்கிறார் என்று நம்பினான். ஒரு மத்தியானம் இரும்புக் கம்பியை எடுத்து அவர் தலையில் அடித்தான். அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு காது போய்விட்டது. மனநிலை சரியில்லாதபோது செய்தது, அதனால் குற்றவாளி இல்லை என்றது நீதிமன்றம். இல்லத்தில் வைத்து மருத்துவம் பார்க்கச் சொன்னது.

அவன் தேறி வெகுகாலம் ஆயிற்று. மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போடுவான். தூக்கம் குறைந்தால் தானே வந்து சொல்லிவிடுவான். அவனால் இனி யாருக்கும் பயமில்லை என்று அறிக்கை எழுதியவள் பூங்கொடிதான். நகரத்தில் வாடகைக்கு இருந்த அவனுடைய அக்காள் சித்ராதேவி, "எங்கூட இருக்கட்டும், நான் பாத்துக்கிடுறேன்" என்று எழுதியே கொடுத்துவிட்டாள். ஆனால் பகலில் போய் வர ஒரு வேலை இருந்தால்தான் வெளியே விடுவோம் என்று மறுஆய்வுக் குழு சொல்லிவிட்டது. குழு அடுத்த மாதம் கூடும். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் காசிமாயன் இன்னும் ஒரு வருஷம் உள்ளேதான்.

முதலில் வேலை கேட்டுப் போனது அருள்குமார். காசிமாயனுடைய சிகிச்சையாளர், மடத்துக்குளத்துப் பையன், சாது. போன இடமெல்லாம் வெறுங்கையோடு வந்தான். "கேக்கற விதத்துல இருக்குதுங்க அருள்" என்று பூங்கொடி அவனுக்குப் பாடம் நடத்தினாள். குரலின் ஏற்ற இறக்கம் வரைக்கும் சொல்லிக் கொடுத்தாள். பிறகு தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவளுக்கு என்ன குறைச்சல்? திருப்பூரைச் சுற்றிக் கம்பெனி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் மாமன், மச்சான், பங்காளி. முதலில் ஆத்தப்பன் மாமா கம்பெனிக்குப் போனாள். டீயும் பஜ்ஜியும் வந்தன. விஷயத்தைக் கேட்டுவிட்டு மாமா, "நல்ல காரியம் அம்மணி, புண்ணியம்" என்றார். "இங்க இப்ப ஆர்டர் கொஞ்சம் டல்லு. நீ நம்ம சிவபிரகாசுகிட்டப் போ. நான் சொன்னேன்னு சொல்லு."

சிவபிரகாஷ் எழுந்து நின்று வரவேற்றான். "நீங்க சொன்னா மறுபேச்சு ஏதுங்கக்கா. ஆனா நம்மகிட்டப் பூராவும் வடக்கத்திப் பசங்களுங்க. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம அவரு சங்கடப்படுவாருங்களே. சாமளாபுரத்துச் சித்தப்பாகிட்டக் கேட்டுப் பாருங்கக்கா, அவருதான் இதுக்குச் சரியான ஆளு." அங்கேயும் டீ.

இப்படியே ஒரு வாரம் சுற்றினாள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் காசிமாயன் மேல்தான் அக்கறை. ஒருவர் நீராவி அவன் உடம்புக்கு ஆகாது என்றார். இன்னொருவர் தூசியைச் சொன்னார். சாமளாபுரத்துச் சித்தப்பா தறிச் சத்தத்தில் அவனுக்குத் தலை வலிக்குமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அந்தக் குடும்பங்களில் வழக்கமில்லை. வந்தவரை இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். இது தெரிந்தே வளர்ந்தவள் பூங்கொடி. இருந்தும் இல்லத்துக்கு வந்து அருள்குமாரிடம், "நல்ல வரவேற்புங்க" என்று சொன்னாள்.

சித்தப்பா கார்க் கதவு வரை வந்து வழியனுப்பினார். "நீ எதுக்குக் கண்ணு வெயில்ல அலையற? கதிர்வேலு செக்கிங்குக்கு ஆளில்லாமத் தவிக்கறான்னு ஆத்தப்பன் சொன்னானே?"

கதிர்வேல் பூங்கொடியின் கணவன். வீட்டுக்குக் கீழேயே அவனுடைய கம்பெனி. தைத்து வந்த பனியனில் ஓட்டையும் பிசிறும் பார்க்கிற செக்கிங் டேபிளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அவன் ராத்திரிச் சோறு உண்ணும்போதெல்லாம் புலம்புவான். அவளும் உச்சுக் கொட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவாள். மாமாவிடம் ஆரம்பித்த சுற்று கடைசியில் தன் வீட்டு வாசலில் வந்து முடிந்ததைப் பார்த்துக் காருக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு நாளும் அது நினைவுக்கு வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. நினைவுக்கு வந்தது, வந்தபோதெல்லாம் தள்ளி விட்டாள். வெட்கமாக இருந்தது.

கதிர்வேலிடம் பேசியபோது அவன் மறுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மறுத்தால் எத்தனை சௌகரியம்! வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்று குழுவிடம் சொல்லிக்கொள்ளலாம். அறியாத ஜனங்கள் பட்டியலில் அவனையும் சேர்த்துவிடலாம். அதனால் கூட்டங்களில் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னாள். கம்பி எவ்வளவு நீளம், ரத்தம் எதுவரை தெறித்தது, எதையும் விடவில்லை.

கதிர்வேல் கேட்டுக்கொண்டே இருந்தான். "இப்ப எப்படி இருக்கறாரு?"

"நல்லாத்தான் இருக்கறாருங்க. மாத்திர தவறாமப் போடறாரு. ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா அவரே சொல்லிருவாரு."

"ஓவர்லாக் தெரிஞ்ச ஆளு செக்கிங் நல்லாப் பண்ணுவாரு. வரச் சொல்லு."

"யோசிச்சுச் சொல்லுங்க மாமா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லீருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டன்."

"யோசிக்க என்ன இருக்குது? படிச்சவ நீ. பயமில்லைன்னு ரிப்போர்ட்டுல எழுதுனவளும் நீ."

"பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் கீழதான ஓடறா" என்றாள் பூங்கொடி. அது அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

கதிர்வேல் அவளைப் பார்த்தான். "அப்ப நீ எழுதுனது பொய்யா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

திரையில் போட்டுக் காட்டிய படங்களில் அந்தக் கேள்விக்கு இடமே விடவில்லை.

குழு கூடும் வரை அவள் சொல்லாத சாக்கில்லை. செக்கிங் டேபிளில் வெளிச்சம் போதாது, நோயாளியின் கண்ணுக்குக் கெடுதல் என்று அருள்குமாரிடம் சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம இல்லத்து லைட்டுக்கு அது எவ்வளவோ மேலுங்க மேடம்" என்றான். பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆத்தப்பன் மாமாவாவது பஜ்ஜி கொடுத்தார். அவளிடம் அதுகூட இல்லை.

குழு கூடிய அன்று காசிமாயன் தேய்த்த சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். வேறு இடம் எதுவும் அமையவில்லை; உள்ளே கூப்பிடுமுன் அவனிடம் சொல்லிவிட வேண்டுமே என்று பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பெனி, செக்கிங் வேலை என்று சொன்னாள். உனக்கு எங்கே போகப் பிடிக்கும் என்று அவனை அதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்க வீட்ல பிள்ள இருக்குல்ல மேடம்?" என்றான்.

"இருக்குதுங்க. மூணாவது படிக்கறா."

"அதுக்குத் தெரியுமா, நான் யாருன்னு?"

"இல்லீங்க."

"சொல்லிருங்க மேடம். மறைச்சு வச்சா என்னைக்காச்சும் வேற யாராச்சும் சொல்லிப்புடுவாக. அன்னைக்கு அந்தப் பிள்ள என்னையக் கண்டு ஓடுனா, நான் எங்கிட்டுப் போய் மூஞ்சிய வச்சுக்கிட?" சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உங்களுக்குப் பயமா இருக்கா மேடம்?" என்று கேட்டான்.

"எங்க மதிப்பீட்டின்படி…" என்று பூங்கொடி ஆரம்பித்தாள். கூட்டத்தில் பேசுகிற அந்தக் குரல் அவளுக்கே சகிக்கவில்லை. "இருக்குதுங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றான் காசிமாயன்.

உள்ளே, குழுத் தலைவியான ஓய்வுபெற்ற நீதிபதி விவரங்களைக் கேட்டார். வேலை தருகிற கம்பெனி யாருடையது என்று கேட்டதும் பூங்கொடி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேலை கொடுக்கறவங்க வீட்டு ஆளே இவரைப் பத்தி மதிப்பீடு எழுத முடியாதும்மா. ஒண்ணு, வேலையை வாபஸ் வாங்குங்க. இல்லேன்னா இவருடைய பொறுப்பை வேற ஒருத்தர்கிட்ட விட்டுட்டு விலகுங்க."

ஒரு கணம் பூங்கொடிக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. சட்டமே வந்து கையைப் பிடித்துத் தூக்குகிறது. தலையாட்டினால் போதும், யாரும் குறை சொல்ல முடியாது. அவள் திரும்பிப் பார்த்தாள். காசிமாயன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தை அவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போல மெல்லத் தலையை அசைத்தான்.

அவள் ஃபைலைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்குமாரிடம் தள்ளினாள். "இனி காசிமாயன் அருளோட பொறுப்புங்க மேடம். வேல எங்க கம்பெனிலதானுங்க."

அக்காள் வீட்டில் இருந்துகொண்டு சோதனை முறையில் வேலைக்குப் போய் வரலாம், மாதாமாதம் அறிக்கை வர வேண்டும் என்று குழு அனுமதித்தது. திங்கட்கிழமை முதல் வேலை.

குழு கூடிய அன்றே சாயந்தரம் பள்ளி வேன் வந்து நின்றதும் பூங்கொடி மகள் தேஜஸ்ரீயைக் கீழே ஓடவிடாமல் பிடித்து, மாடிப்படியில் உட்கார வைத்தாள். ஊருக்கெல்லாம் முக்கால் மணி நேரம் பேசியவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை. பிறகு சொன்னாள். ஒருத்தர் வேலைக்கு வருகிறார், அவருக்கு முன்பு மனசுக்கு முடியாமல் இருந்தது, அப்போது ஒருத்தரை ரொம்ப அடித்துவிட்டார், இப்போது மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறார் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள்.

தேஜஸ்ரீ ஷூ நாடாவை இழுத்துக்கொண்டே கேட்டாள். "உனக்குப் பயமா இருக்குதாம்மா?"

"கொஞ்சம் இருக்குது கண்ணு."

"அப்ப நானும் கொஞ்சம் பயந்துக்கட்டுமா?"

பூங்கொடி மகளின் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"பயந்துக்கோ" என்றாள். "ஆனா அவரு வந்தா, வாங்கன்னு சொல்லோணும்."