பதினேழாம் பெட்டி

மூவாயிரம் வருடத்துப் பல்லைத் துளைத்துப் பொடி எடுப்பது அவளுக்குக் கைவந்த கலை. பழைய இடுகாட்டில் சிவனே என்று கிடந்த பதினேழு பேரைத் தோண்டி எடுத்துவந்து, பெட்டியில் போட்டு எண் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சீட்டின் கடைசி வரியிலும் "உரிமை கோர யாருமில்லை" என்று எழுதியது அவள்தான். செத்தவர்களா வந்து சண்டை போடப்போகிறார்கள்?

அந்த மரபணு ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்களின் எச்சிலோ வியர்வையோ எலும்பில் பட்டால் கண்டுபிடிக்க, எல்லோருடைய மரபணுவையும் முதலிலேயே பதிந்துவைப்பார்கள். பதினேழாம் பெட்டியிலிருந்த பெண்ணின் தாய்வழி மரபணு, அவளுடையதோடு அச்சு அசலாக ஒத்துப்போனது.

"கையுறை போடாம தொட்டுத் தொலைச்சிருப்பே," என்று சிடுசிடுத்தார் தலைமை ஆய்வாளர். அவளை வெளியே நிறுத்திவிட்டு, தாடைக்குள் புதைந்திருந்த இன்னொரு பல்லை அவரே துளைத்தார். முடிவு மாறவில்லை.

அன்றுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை அல்ல, தாடையை.

"உங்கம்மா இருக்காங்கல்ல? நாளைக்குக் கூட்டிட்டு வா. கொஞ்சம் ரத்தம், ஒரு பல்லு. அவ்வளவுதான்."

"அவங்க சம்மதிக்க மாட்டாங்க சார்."

"பதினேழுகிட்ட சம்மதம் கேட்டுட்டா துளைச்சே?"

அவர் புதுச் சீட்டை எடுத்துப் பதினெட்டு என்று எழுதினார். கடைசி வரி வந்ததும் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இது உனக்குப் பழக்கமானதுதானே. நீயே எழுதிடு."