ரயில் பஸ்ஸில் ஏறியவள்

பொம்மை டிராமை இரண்டாக அறுத்த அன்று மாரீஸ்வரன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாடியிலிருந்து இறங்கினான். பிளாஸ்டிக் அறுத்த நாற்றம் பட்டால் அவன் மனைவி முருகலட்சுமிக்குக் குமட்டும். அவளுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து ஏழாவது தொடங்கியிருந்தது.

அந்த டிராம் சிங்கப்பூர்ச் சரக்கு. அவனோடு காலேஜில் படித்த வீரசோழன் ஊர்க்காரன் சிக்கந்தர், அங்கிருந்து லீவுக்கு வந்தபோது அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தான். கூடு, கூரை, சக்கரம் எல்லாம் தனித்தனியாக இருந்தன. ஒட்டிச் சேர்த்தால் ஒரு முழ நீளத்துக்கு டிராம் வரும். மாரீஸ்வரனுக்கு டிராம் வேண்டியிருக்கவில்லை. பனி கொட்டும் தேசத்துக் கதைகளைத் தமிழில் படித்துப் படித்து அவன் மனசில் வேறொரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் மூக்கும் ரயிலின் சக்கரமுமாக ஒற்றைப் பெட்டி. மீட்டர் கேஜைவிடக் குறுகலான தண்டவாளத்தில், ஆளில்லாத வெளியில் தனியாக வரும். நூல் சாயம் விற்கும் தன் கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அதற்கு மனசுக்குள்ளேயே அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி வரை பாதை போட்டு முடித்திருந்தான்.

எம்.ரெட்டியபட்டி முருகலட்சுமியின் ஊர். போன கார்த்திகையில் அவள் அங்கே போயிருந்தபோதுதான் ஆறாம் மாதத்தில் வலி கண்டது. நாலு நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. பஸ் பாதியில் புதைந்துவிட, மாட்டுவண்டி பிடித்து டவுனுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்பிள்ளை.

இந்தத் தடவை பிரசவம் டவுனில்தான் என்று மாரீஸ்வரன் நேரில் போய் மாமியாரிடம் கேட்டுக்கொண்டான். போனது கணக்கில்லை, இதுதான் தலைப்பிரசவம், அதை மருமகன் வீட்டில் பார்ப்பதா என்று தங்கம்மாள் முகம் சுளித்தாள். பேசிப் பேசி, கடைசி மாதம் தானே வந்து தங்கிப் பார்ப்பதாகச் சம்மதித்தாள். ஒரு சொல்லும் வாங்கிக்கொண்டாள். மனசுக்கு ஒப்பாதது ஏதாவது ஒன்று அந்த வீட்டில் கண்ணில் பட்டாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்; அவன் மறிக்கக் கூடாது.

அன்றிலிருந்து மாரீஸ்வரன் எந்தக் குறையும் வைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் புருசன் என்பதால் சவரம் செய்யாமல் தாடி விட்டான். தேங்காய் உடைக்கவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் சேர்க்கக் கூடாதென்று, ஜவுளிக்கடைக்காரர் எடுத்துப்போட்ட சின்னச் சட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வந்தான்.

அடங்காத ஆசை ஒன்று அவனுக்கு மாடியில் மட்டும்தான் இருந்தது. டிராமின் நடுவிலிருந்து இரண்டு ஜன்னலை வெட்டி எடுத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஒட்டினான். கூரையில் கரண்டுக் கம்பி நின்ற இடத்து ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தான். பிசைந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும் பட்டி அது. சோப்பு டப்பாவை இழைத்து பஸ் மூக்கு செய்தான். பழைய டேப்ரெக்கார்டர் மோட்டார் உள்ளே போனது. குடைக்கம்பிகள் தண்டவாளமாயின.

இந்த வேலைக்கிடையே முருகலட்சுமி ஒருநாள் படியில் நின்று நின்று மேலே ஏறிவந்தாள். வண்டிக்கு அப்போது ஜன்னல் கண்ணாடியும் இல்லை, நிறமும் இல்லை.

"இதென்னங்க, ஆளை வச்சு மூடுற பெட்டி மாதிரி இருக்கு?" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் இறங்கிப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கே அதற்குச் சிவப்பு அடித்தான்.

அடித்தும் ஆளில்லாத வண்டி வெறிச்சென்றிருந்தது. மிச்சப் பட்டியில் டிரைவர் ஒருவன், புத்தகம் வாசிக்கிற தாடிக்காரன் ஒருவன், ஜன்னலோரம் முருகலட்சுமி என்று மூன்று பேரைச் செய்தான். அவள் சீப்பில் சிக்கியிருந்த முடியில் நாலு இழை எடுத்துப் பின்னி அந்தத் தலையில் ஒட்டினான். பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறவளாக அவளை நினைத்துக்கொண்டதால் வயிற்றை ஒட்டச் செய்தான். இரண்டு கைகளையும் மடிமேல் வளைத்து வைத்தான். அந்த வளைவுக்குள் பிள்ளை வர வேண்டும். அதை மட்டும் செய்யவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதுவும் செய்யக் கூடாது. பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

புரட்டாசிக் கடைசியில் வளைகாப்புக்கு நாள் குறிக்க தங்கம்மாளும் மகன் சின்னச்சாமியும் வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, மச்சான் மாடியில் ரயில் விடுகிறாராமே என்று சின்னச்சாமி கிண்டலாகக் கேட்க, எல்லாரும் ஏறினார்கள். வெளியே காற்றே இல்லை. மேகம் கீழே இறங்கியிருந்ததில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

வண்டி ஓடியது. தங்கம்மாள்கூட வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். டிக்கெட் கிழிக்க ஆள் வேணுமா மச்சான் என்றபடி சின்னச்சாமி கூரையைத் தூக்கி உள்ளே பார்த்தான். ஜன்னலோரத்துப் பெண்ணை விரல்நுனியில் எடுத்தான். சடையைத் தொட்டதும் அவன் பேச்சு நின்றது.

"இது நெச முடியால்ல இருக்கு. யாரு முடி?"

மாரீஸ்வரன் மறைக்கவில்லை. சின்னச்சாமி பொம்மையை மேஜைமேல் வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தான். உருவம் செய்து, உரியவளின் முடியையும் சேர்த்தால் அதற்கு என்ன பெயர் என்று ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றான்.

முருகலட்சுமிதான் புருசனுக்காகப் பேசினாள். "ஆமா, இவுகதான் செய்வினை வைக்கப் போறாக. ஒரு எலியை அடிக்கச் சொன்னா வெளக்கை எடுத்துக்கிட்டு அதுக்கு வழி காட்டுவாக. சும்மா இருல."

சின்னச்சாமிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் அது முடிந்திருக்கும். தங்கம்மாள் மட்டும் குனிந்து பொம்மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வயிறு இல்லையே, மாப்ளை."

பிரசவத்துக்குப் பிறகு உள்ள முருகலட்சுமி அது என்று மாரீஸ்வரன் விளக்கினான். சொல்லி முடித்தபோது மனைவி தன்னைப் பார்ப்பதைக் கண்டான்.

"பெறகு உள்ள என்னையவா செஞ்சீக?"

"ஆமா."

"அப்ப பிள்ளை எங்க?"

முன்கூட்டிச் செய்யக் கூடாது என்பதால்தான் விட்டேன் என்றான். உண்மையைத்தான் சொன்னான். சொல்லும்போதே அது எங்கே போய் முட்டுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பேறுகாலமும் முடிஞ்சிருச்சு, மடியில ஒண்ணும் இல்ல," என்றாள் முருகலட்சுமி. சத்தம் போடவில்லை. பொம்மையின் கைகள் வளைந்திருந்த மாதிரியே அவள் கைகள் வயிற்றைச் சுற்றிப் போயிருந்தன. "போன வருசம் வண்டியில இப்படித்தான் உக்காந்து வந்தேன்."

மாரீஸ்வரன் பதறிப்போய் சுத்தியலை எடுத்தான். தங்கம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் உருவத்தை உடைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, தண்ணீரில் விடவும் கூடாது என்றாள். எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னாள். மகளை ஊருக்குக் கிளம்பச் சொன்னாள்.

டவுனு டாக்டர், மழை, ரோடு என்று அவன் கெஞ்சினான். போன கார்த்திகையைச் சொன்னான். அவன் கொடுத்த சொல்லைத் தங்கம்மாள் நினைவுபடுத்தவில்லை; நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. முருகலட்சுமியே கீழே போய்த் துணிகளைப் பையில் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவன் வர வேண்டாம் என்று வாசலில் சொன்னாள். "பிறந்து, நான் ஆளு விட்ட பெறகு வாங்க. அதுவரைக்கும் அதைத் தொடாதீக."

சாயங்காலம் எம்.ரெட்டியபட்டி இருக்கும் திருச்சுழிப் பக்கம் வானம் முழுக்கக் கறுத்தது. மண்வாசனை முதலில் வந்தது. மாரீஸ்வரன் கடையை அடைத்துவிட்டு மாடிக்குப் போனான். அவர்கள் வைத்துவிட்டுப் போனபடியே பொம்மை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. வண்டியின் கூரை திறந்தே கிடந்தது.

அவன் கொஞ்சம் பட்டி எடுத்துப் பிசைந்தான். பயறு அளவு உருண்டை போதும். அந்தக் கைகளுக்குள் வைத்துவிட்டால் மடி நிறைந்துவிடும். ஆனால் பிறக்காத பிள்ளையை அவன் செய்ததாகிவிடும். வைக்காமல் விட்டால் அவள் வெறும் மடியோடு அப்படியேதான் போய்க்கொண்டிருப்பாள்.

மாடியின் தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. பிறகு எண்ண முடியாமல் விழுந்தன. அவன் உருண்டையைப் பொம்மைக்கு அருகில் கொண்டுபோனான், திரும்ப எடுத்தான். மறுபடி கொண்டுபோனான்.

விரல்களுக்கு நடுவில் அது இறுகத் தொடங்கியிருந்தது.