பார்க்க ஆளில்லாத மாத்திரை

என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்திக்கு நெஞ்சில் அடைப்பு என்று கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அம்மா, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா, வச்ச கம்பியே அடைச்சுக்கும். அப்புறம் என் கையில இல்ல." நோயாளியை விட்டுவிட்டு என்னிடம் ஏன் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். ஆள் எப்படிப்பட்டவர் என்று கொஞ்ச நேரப் பேச்சிலேயே எடை போட்டிருக்கிறார்.

இவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் எங்கள் தோப்பில் ஒரு தென்னை லேசாக மஞ்சளித்தால் போதும், வேளாண்மை ஆபீஸுக்கு நாலு நடை நடப்பார். தன் உடம்பென்றால் மட்டும் வேறு நியாயம். "நல்லா இருக்கற ஒடம்புக்கு எதுக்குப் புள்ள மருந்து? மூச்சு வாங்கறப்ப போட்டுக்கறேன்" என்பார். நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் வேட்டியை உதறினால் மாத்திரை விழும். அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

இப்படி இருக்கும்போதுதான் அனுப்பிரியா வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊர் நல்லேப்பிள்ளிப் பெண், நர்ஸ் படிப்பு படித்தவள். பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆராய்ச்சியில் வேலை. ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, சாப்பிட வைப்பதற்கு என்ன வழி என்பதுதான் ஆராய்ச்சியாம். சிலருக்குத் தினமும் போன் வரும். சிலருக்கு ஒன்றும் கிடையாது, வழக்கம் போலத்தான். இன்னும் சிலரை, பக்கத்தில் இருக்கும் இன்னொரு நோயாளியோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். இரண்டு பேரும் தினமும் சந்தித்து, ஒருவர் பார்க்க ஒருவர் மாத்திரை விழுங்க வேண்டும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

எங்களுக்கு ஜோடி விழுந்தது. "உங்க ஜோடி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கற மோகனசுந்தரம்ங்க" என்றாள் அனுப்பிரியா.

கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்து வீடு தெரிகிறது, பகை தெரியவில்லை.

மோகனசுந்தரம் என் கூடப்பிறந்த தம்பி. கொரோனா சமயத்தில் அவன் மகளுக்குக் கல்யாணம் வைத்தான். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது, வீடு வீடாகப் போகக் கூடாது என்று பஞ்சாயத்தில் கண்டிப்பு. பயந்தாங்கொள்ளி, எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினான். எல்லாருக்கும் அனுப்பிய கையோடு எங்களுக்கும் தட்டிவிட்டான். பெண்ணுக்கு நான் அத்தை, இவர் மாமன். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீடேறி வந்து அழைக்க வேண்டிய உறவு. "போன்ல வந்த கல்யாணத்துக்குப் போன்லயே போய்க்கறேன்" என்றார் இவர். அவ்வளவுதான். அன்றோடு அந்த வீட்டில் கை நனைப்பதை விட்டார். எங்கள் பக்கம் கை நனைப்பதில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அர்த்தம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பகை போயிற்று. அதனால்தான் அந்த ஒரு வாயை யாரும் லேசில் சாப்பிட மாட்டார்கள்.

அவரோடு சேர்ந்து நானும் போகவில்லை. என் பிறந்த வீடு, வாசலில் நின்றால் தெரியும் தூரத்தில் இருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தம்பி பெண்டாட்டி சாந்தாமணியோடு மட்டும் கட்டுத்தறிப் பக்கம் போய் மாட்டுக்குத் தீவனம் வைக்கிற சாக்கில் போனில் பேசிக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் மாடுகளுக்குத் தெரியாத ரகசியம் கிடையாது.

அடைப்பு வருவதில்கூட இரண்டு பேருக்கும் போட்டி. இவருக்கு ஸ்டென்ட் வைத்த கொஞ்ச நாளில் அவனுக்கும் வைத்தார்கள்.

"விருப்பமில்லைன்னா வேண்டாமுங்க, கட்டாயமே இல்லை" என்றாள் அனுப்பிரியா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

இவர் மீசையைத் தடவினார். "அவன் என்ன சொன்னான் அம்மிணி?"

"அவரு சரின்னுட்டாருங்க."

"அவன் சரிங்கறான், நான் மட்டும் பயந்துட்டு ஓடோணுமா? எங்க போடோணும் கையெழுத்து?"

சந்திக்கிற இடம் வாய்க்கால் பாலம் என்று முடிவாயிற்று. யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். காலையில் அவரவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவரவர் தண்ணீர் பாட்டிலோடு இரண்டு பேரும் வருவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. இவர் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். அவன் உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டுவான். பிறகு அவன் முறை. அறுபதைத் தொட்ட இரண்டு பெரிய மனுஷர்கள் நடுரோட்டில் நின்று ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? ஸ்கூல் வேனில் போகிற பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தாங்களும் நாக்கை நீட்டிவிட்டுப் போவார்கள். நான் மாட்டைக் கட்டுகிற சாக்கில் பார்த்துச் சிரிப்பேன்.

ஆனால் பாருங்கள், மாத்திரை ஒரு நாள் தவறவில்லை. மழையானாலும் போனார், ஜலதோஷத்தோடும் போனார். "நான் ஒரு நாள் போகாம இருந்தா, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்" என்பார். பெண்டாட்டியின் கண்ணீரால் ஆகாதது வீம்பால் ஆயிற்று. எனக்கு வருத்தமா? வருத்தம் என்ன, நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பகையின் மேலேயே எனக்குப் பாசம் வந்துவிட்டது. இவர் முகத்தில் பழைய களை வந்தது. தோப்பைச் சுற்றி வந்து மூச்சு வாங்காமல் என்னைத் திட்ட முடிந்தது.

ஆடி மாதம் சாரல் பிடித்த ஒரு காலை, பாலத்துக்குப் போனவர் வெகுநேரம் கழித்துத் திரும்பினார். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றார். மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாளும் அப்படியே.

"மாத்திரை போட்டீங்ளா?" என்று கேட்டேன்.

"பாக்க ஆளில்ல" என்றார்.

"ஆளில்லைன்னா?"

"பாக்க ஆளில்லாம முழுங்குனா அது எப்படிச் சேரும்? ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

இரண்டு நாளாக மாத்திரை இல்லை! கட்டுத்தறிக்கு ஓடினேன். தம்பி ஏன் வரவில்லை என்பது எனக்கு முதல் நாள் இரவே தெரியும். களத்துப் பாசியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் பெரிய கட்டு. கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார். முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோற்றில் மறைத்தது வெளியே வந்துவிடும். மாத்திரையைத் தனியாகப் போட்டுக்கொள்வார் என்றுதான் நம்பினேன். இப்படி ஒரு சட்டம் பேசுவார் என்று கனவா கண்டேன்?

போனில் சாந்தாமணி அதற்கு மேல் ஒரு குண்டைப் போட்டாள். "இவரும் போட மாட்டேங்கறாருங்க அண்ணி. அண்ணா பாக்காம முழுங்குனா அது கள்ளாட்டமாம்."

இரண்டு நெஞ்சில் இரண்டு கம்பி. இரண்டும் வீம்பில் அடைத்துக்கொள்ளப் போகிறது. அன்று நான் தூங்கவில்லை. சொன்னால் இவர் ஆடித் தீர்ப்பார். ஒருவேளை போனையே பிடுங்கி வாய்க்காலில் எறிவார். எறியட்டும். ஆள் இருந்தால்தானே சண்டை போட முடியும்?

விடிந்ததும் பார்த்தால் வாசலில் நின்று பாலத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். பல் விளக்கியதோடு சரி, காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். நான் போய் எதிரில் நின்றேன்.

"ஏனுங்க, அவன் வர மாட்டான். வழுக்கி விழுந்து கால்ல கட்டு. சாந்தாமணி சொன்னா. நான் அவகூடப் பேசிட்டுத்தான் இருக்கேன், கல்யாணம் முடிஞ்சதுல இருந்து பேசிட்டுத்தான் இருக்கேன். திட்டறதுன்னா திட்டுங்க, ஆனா மாத்திரையை முழுங்கிட்டுத் திட்டுங்க."

கத்துவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"கால்தானே? நெஞ்சு இல்லையே?"

"கால்தானுங்க."

அதற்குப் பிறகுதான் கத்தினார். "இதைச் சொல்றதுக்கு உனக்கு ரெண்டு நாளா? நீ கட்டுத்தறில பேசறது ரோடு வரைக்கும் கேக்குது! உனக்கு எப்படியும் தெரிஞ்சிருக்கும், இப்பச் சொல்லுவா அப்பச் சொல்லுவான்னு உன்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறேன், வாயத் தொறக்க மாட்டீங்கற!"

"நீங்களே கேட்டிருக்கலாமுங்களே?"

"நான் எப்படிக் கேக்கறது?" என்றார். அது எத்தனை நியாயம் என்பது போல என்னைப் பார்த்தார்.

மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீர் பாட்டிலையும் எடுக்கவில்லை. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாலத்தில் நிற்பார் என்று நினைத்தேன், நிற்கவில்லை. நேராகப் போய் என் தம்பி வீட்டுப் படியேறினார்.

கட்டிலில் கிடந்த தம்பி இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்தான்.

"படு, படு. எந்திரிக்காதே" என்றார் இவர்.

"வாங்கண்ணா" என்றாள் சாந்தாமணி.

இரண்டு நாள் விட்ட பிறகு போடலாமா, கூடாதா என்று எனக்குப் பயம். அனுப்பிரியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அங்கிள், கூட ஒருத்தர் இருக்கறது ஞாபகப்படுத்தறதுக்குத்தானுங்க. அவரு பாக்கலைன்னா மாத்திரை வேலை செய்யாதுன்னு யாரு சொன்னா?" அழுவது போலச் சொன்னாள். "ஒரு நிமிஷம் இருங்க, டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்." கேட்டுவிட்டு வந்தாள். "இன்னைக்கு உண்டானதை மட்டும் இப்பவே போட்டுருங்க, விட்டதுக்குச் சேத்துப் போட வேண்டாம். போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி வந்து ஈசிஜி எடுத்துக்கோங்க. சாப்பிட்டாச்சுங்களா? வெறும் வயித்துல மட்டும் போட்டுராதீங்க."

"எங்களை ஆராய்ச்சில இருந்து தள்ளிருவீங்களா அம்மிணி?" என்று கேட்டார் இவர், குற்றவாளி போல.

"தள்ள மாட்டோமுங்க. விட்டதை விட்டதுன்னு எழுதறதுக்குத்தானுங்களே ஆராய்ச்சி" என்றாள்.

போனை வைத்தேன். இவர் வயிற்றில் காபிகூட இல்லை. எங்கள் வீடு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல இவருக்கு வழி இருந்தது. வாசல் பக்கம் திரும்பவும் செய்தார்.

"நீங்க போய்ச் சாப்புட்டு வாங்க மாமா. வர்ற வரைக்கும் நானும் போடல" என்றான் தம்பி.

இவர் திரும்பினார். "ரெண்டு நாளா உன்னைக் காணாம, உனக்கு மறுக்கா நெஞ்சு வலிதான் வந்துருச்சோன்னு எனக்கு ஒரு வாய் சோறு எறங்கலைடா மாப்பிள்ளை." சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சாந்தாமணி, இருக்கறதை வையம்மா."

அவள் உள்ளே ஓடினாள். இட்லியும் சாம்பாரும் வந்தது. முதல் வாயை வைத்தார்.

"இதுல உப்பு எங்க?"

"ஸ்டென்ட் வச்ச ஊட்டுல உப்பு எங்கீங்ணா இருக்கும்?"

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, இரண்டும்தான். தம்பி கட்டிலில் இருந்தே கையைக் கூப்பினான். "மாமா, அன்னைக்கு நான் நேர்ல வந்து கூப்புட்டிருக்கோணுமுங்க. வாசல்ல நின்னாவது கூப்புட்டிருக்கோணும். தப்புத்தானுங்க."

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல முழுங்கிட்டு நாக்கைக் காட்டு."

இரண்டு பேரும் விழுங்கினார்கள். இரண்டு பேரும் நாக்கைக் காட்டினார்கள். தம்பி காரிலேயே எல்லாரும் பாலக்காட்டுக்குப் போனோம், சாந்தாமணிதான் ஓட்டினாள். ஈசிஜியில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. அனுப்பிரியா இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துத் திட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். எனக்குத்தான் பரம திருப்தி.

சாயங்காலம் நான் மாவு ஆட்டி வழித்துக்கொண்டிருந்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்குக் காலைல எனக்கு இட்லி ஊத்தாதே. மாப்பிள்ளையால நடக்க முடியாது, நான்தான் போகோணும். அங்கயே சாப்புட்டுக்கறேன்."

"சரிங்க. அப்ப எனக்கு மட்டும் ரெண்டு ஊத்திக்கறேன்."

"நீ மட்டும் இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போற? கூட வா. உன்ற பொறந்த ஊடுதானே அது" என்று சொல்லிவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டார்.

மாவுப் பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.